லீவா மணலில் ஒரு லுஹர் தொழுகை



எங்கள் நிஸ்வான் மதரஸாவில் ஆண்டுதோறும் தயம்மும் பாடம் வரும்போது ஒரு சிறு வேடிக்கை நடக்கும். முற்றத்து மூலையிலிருந்து மண் அள்ளிச் சலித்து, ஒரு தட்டில் பரப்பி வகுப்பின் நடுவில் வைப்போம். மாணவிகள் ஒவ்வொருவராக வந்து இரு உள்ளங்கைகளையும் அதில் அடித்து முகத்தைத் தடவுவார்கள். மறுபடியும் அடித்து, முழங்கை வரை கைகளைத் தடவிக் காட்டுவார்கள். ஒருத்தியின் மூக்கில் மண் ஒட்டியிருப்பதைக் கண்டு இன்னொருத்தி சிரிப்பாள். பாடம் முடிந்ததும் எல்லோரும் ஓடிப்போய்க் குழாயில் முகம் கழுவிக்கொள்வார்கள். பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறோம். அத்தனை ஆண்டுகளில் ஒரு வக்தேனும் தயம்மும் செய்து தொழுததில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. தண்ணீருக்குப் பெயர்போன ஊர் அன்று. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். ஆயினும் உளூச் செய்யத் தண்ணீர் இல்லை என்ற நிலை ஒரு நாளும் வந்ததில்லை.

பிள்ளைகளின் வாப்பா 17 ஆண்டுகளாக அபுதாபியில் இருக்கிறார். முஸஃபா தொழிற்பேட்டையில் வண்டிகள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை விடுப்பில் வருவார். ஐம்பது நாள் இருப்பார். பெட்டி கட்டிப் போய்விடுவார். வளைகுடாவில் கணவர் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. சென்ற டிசம்பரில்தான், அல்ஹம்துலில்லாஹ், இரண்டு மாத விசிட் விசாவில் எங்களையும் அழைத்துக்கொண்டார். பதினான்கு வயது மூத்தவள், பதினொரு வயது மகன், ஐந்து வயதுக் கடைக்குட்டி, அறுபத்தெட்டு வயதான மாமி, இவ்வளவு பேர் போய் இறங்கினோம்.

அந்நாட்டு மக்களுக்குக் குளிர்காலம் என்றால் பாலைவனம்தான். நவம்பர் பிறந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகக் கூடாரம், அடுப்பு, பாய், தலையணை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மணற்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குக் ‘கஷ்தா’ என்று பெயர். பாட்டனார் வாழ்ந்த வாழ்வைப் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு நாளாவது காட்டிவிட வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அண்டை வீட்டுப் பிள்ளைகள் சொல்லக் கேட்டுவிட்டு நச்சரிக்கத் தொடங்கினார்கள். அவர்களின் வாப்பாவோ, “பாலைவனத்தில் பார்க்க என்ன இருக்கிறது? கார்னிஷுக்குப் போகலாம், மீன் காட்சிக்குப் போகலாம்” என்று ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினார். சலித்துப்போய்ச் சொல்கிறார் என்றே நினைத்தோம். விசா முடிய ஒன்பது நாள் இருந்தபோது ஒருவழியாக இணங்கினார்.

இணங்கிய பின் அவர் ஏற்பாடு செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். நண்பரிடம் பழைய நிஸ்ஸான் பேட்ரோல் ஒன்றை இரவல் வாங்கினார். மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர், சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரண்டு பலகைகள், ஐந்து கேலன் தண்ணீர் பாட்டில் இரண்டு, அதாவது ஏறத்தாழ 38 லிட்டர், அதற்கு மேல் ஒரு பெட்டி சிறு பாட்டில்கள். மாமியின் சர்க்கரை மாத்திரையை இரண்டு இடங்களில் பிரித்து வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வலியுறுத்திய ஒன்று: தனி வண்டியில் மணலுக்குள் இறங்கக் கூடாது; ஒன்று சிக்கினால் இழுக்க மற்றொன்று வேண்டும். பட்டறை நண்பர் ஒருவரின் குடும்பமும் உடன் வருவதாக இருந்தது. புறப்படும் காலையில் அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். “அடுத்த வாரம் பார்ப்போம்” என்றார் பிள்ளைகளின் வாப்பா. அடுத்த வாரம் எங்களுக்கு விமானம். பிள்ளைகளின் முகங்கள் வாடின. நாங்கள்தான் வற்புறுத்தினோம். தவறு எங்களுடையது; அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. போகும் எண்ணமுடைய சகோதர சகோதரிகள் மற்ற எதை மறந்தாலும் இரண்டாவது வண்டியை மறக்க வேண்டாம்.

லீவா, அபுதாபி நகரிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தென்மேற்கே இருக்கிறது. மதீனத் ஸாயித் வழியாகச் செல்லும் நல்ல சாலை. சாலையின் இருபுறமும் திடீரென்று பேரீச்சந் தோட்டங்கள் எழும்புகின்றன. மணலுக்கு அடியில் நீர் ஊறுவதால் உண்டான பசுமை அது. அந்நாட்டை ஆளும் குடும்பத்தாரின் பனூ யாஸ் கோத்திரத்துக்கு இதுவே பூர்வீகம். அதற்குத் தெற்கே ருப்உல் காலி தொடங்கிவிடுகிறது. ‘வெறுமையான கால்பகுதி’ என்பது அப்பெயரின் பொருள். சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர் மணல். எங்கள் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு.

மொரீப் என்ற பெரும் மணற்குன்றுக்குப் போகும் சாலையிலிருந்து விலகி இறங்குமுன் பிள்ளைகளின் வாப்பா வண்டியை நிறுத்தி, மகனை அழைத்து டயர்களின் காற்றை இறக்கக் கற்றுக்கொடுத்தார். 35 இருந்ததை 15-க்குக் கொண்டுவர வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பரந்து படிவதால் மணலில் புதையாது. இதுநாள் வரை கைப்பேசித் திரையில் மட்டுமே பாடம் கேட்ட மகன், வாப்பாவின் தோளோடு தோள் உரச உட்கார்ந்து அளவுமானியைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஒரு காட்சிக்காகவே 230 கிலோமீட்டர் வந்திருக்கலாம் என்று தோன்றியது.

கூடாரம் அடித்த இடத்துக்கு அருகில் ஒற்றை மரம் நின்றது. அங்கே அதை ‘காஃப்’ என்கிறார்கள். அந்நாட்டின் தேசிய மரம். மாமி கிட்டே போய் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊர் வன்னி மரமல்லவா?” என்றார். ஆம், இரண்டும் ஒன்றே. அவ்வளவு தூரம் வந்து தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதுபோல் மாமி அதனடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் மணற்சரிவில் உருண்டார்கள். நாங்களும் ஒரு முறை, யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, உட்கார்ந்தபடியே சறுக்கினோம். இரவு விறகடுப்பில் கறியாணமும் ரொட்டியும். தொழுகைக்கு கிப்லா பார்க்கக் கைப்பேசி வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்போம். அங்கே மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலே, புகையிலும் மரங்களிலும் மறைந்து கிடக்கும். லீவாவில் அது நன்கு உயரே, கையால் காட்டும்படி நின்றது. மஃரிபையும் இஷாவையும் சேர்த்து, இஷாவைச் சுருக்கித் தொழுதோம். உளூவுக்கு ஆளுக்கொரு குவளை என்று பிள்ளைகளின் வாப்பா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. குழாயடியில் இருப்பதுபோல் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்துக் கழுவினோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ தண்ணீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவில், உளூச் செய்வார்கள் என்ற ஹதீஸை எத்தனை முறை ஓதிக் கொடுத்திருப்போம்!

சுபுஹுக்கு எழுந்தபோது மூடுபனி. லீவாவில் குளிர்காலத்து விடியற்காலையில் பனி இப்படித்தான் இறங்குமாம். கூடாரத்துணி நனைந்து சொட்டியது. பத்தடி தூரத்து வன்னி மரம் தெரியவில்லை. தொழுது, தேநீர் குடித்து, பனி சற்று விலகியதும் புறப்பட்டோம். விலகியது போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. வந்த தடம் என்று நினைத்து இறங்கிய பள்ளத்தில் தரை வெண்மையாக, சமமாக, சிமெண்ட் பூசியதுபோல் இருந்தது. அதைச் ‘சப்கா’ என்பார்கள். உப்புப் படிந்த தரை. மேலே ஓடு, உள்ளே சேறு. பத்து மீட்டர் போவதற்குள் ஓடு உடைந்தது. பின்சக்கரங்கள் அச்சு வரை இறங்கிவிட்டன.

தோண்டினோம். பலகை கொடுத்தோம். பலகையும் உள்ளே போயிற்று. மணி பத்தானது. அப்போதுதான் தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போன மகள் அடுத்த செய்தியைக் கொண்டுவந்தாள்: படுக்கைவாட்டில் வைத்திருந்த பெரிய பாட்டிலின் மூடி, வழிக் குலுக்கலில் நெகிழ்ந்து, தண்ணீர் முழுதும் வழிந்துபோயிருந்தது. மற்றதில் கால்பங்கு மீதி. சிறு பாட்டில்கள் ஏழு. ஆட்கள் ஆறு பேர். கைப்பேசியில் ஒரு கோடும் இல்லை. குளிர்காலம் என்பதால் வெயில் கொல்லும் வெயில் அன்று. ஆனாலும் சர்க்கரை நோயாளியான மாமியின் உதடுகள் வறளத் தொடங்கியிருந்தன. பிள்ளைகளின் வாப்பா மணற்குன்றின் மேல் ஆரஞ்சு நிறப் போர்வையைக் கட்டி வைத்துவிட்டு வந்து, “எது நடந்தாலும் வண்டியை விட்டு யாரும் நடந்து போகக் கூடாது” என்றார். வண்டி கண்ணில் படும். தனியே நடக்கும் மனிதர் கண்ணில் படமாட்டார். பாலைவனத்தில் இறப்பவர்கள் பெரும்பாலும் வண்டியை விட்டுப் போனவர்களே என்றும் சொன்னார். இதெல்லாம் பட்டறையில் கேட்டறிந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

லுஹர் வந்தது. பழக்கத்தில் கை ஒரு சிறு பாட்டிலை எடுத்துத் திறந்துவிட்டது. ஒரே ஒரு பாட்டில், சிக்கனமாக ஆளுக்குக் கொஞ்சம் என்றுதான் எண்ணம். மூத்தவள் கையைப் பிடித்தாள். அவள் எங்கள் மதரஸாவிலேயே மூன்றாம் ஆண்டு ஓதுகிறவள்.

“உம்மா, தாகத்துக்குத் தேவைப்படும் தண்ணீரை உளூவுக்குச் செலவழிக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? கூட வரும் ஒட்டகத்தின் தாகமானாலும் அதுதான் முதல் என்று பரீட்சையில் எழுதச் சொன்னீர்களே!”

உண்மைதான். பாடம் தெரியும், மனம்தான் ஒப்பவில்லை. தண்ணீர் கையில் இருக்கும்போது மண்ணைத் தொட்டுத் தொழுவது ஏதோ குறைவான தொழுகை என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இத்தனை காலம் ஒளிந்திருந்தது. சலுகையை வகுப்பில் வாயாரப் புகழ்ந்தவர்களுக்கு, அதை வாங்கிக்கொள்ளும் நேரத்தில் கை நீளவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்தணி பயணத்தில் தொலைந்ததும், அதைத் தேடிப் படையே தண்ணீரில்லாத இடத்தில் தங்கியதும், மக்கள் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போய் முறையிட்டதும், அந்த நெருக்கடியில்தான் தயம்மும் வசனம் இறங்கியதும், பிறகு ஒட்டகத்தை எழுப்பியபோது அதனடியிலேயே அணி கிடைத்ததும் மாணவிகளுக்கு மிகவும் பிடித்த வரலாறு. அந்தப் படையில் இருந்தவர்களின் நாவறட்சியை நாங்கள் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை.

பாட்டிலை மூடினோம். உடனே அடுத்த சிக்கல். ஷாஃபிஈ மத்ஹபில் தயம்மும் செய்யத் தூசியுள்ள மண் வேண்டும். லீவாவின் மணல் கழுவி உலர்த்திய அரிசி போன்றது. கையில் அடித்தால் ஒரு துகளும் ஒட்டாமல் உதிர்கிறது. கால்களுக்குக் கீழே இருந்ததோ உப்பு. கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணே ஆன நாட்டில், முகம் தடவ ஒரு பிடி மண் இல்லாமல் விழித்துக்கொண்டு நின்றோம். டிப்ளமோச் சான்றிதழில் இதற்கெல்லாம் சேர்த்துத்தான் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

பிள்ளைகளின் வாப்பா ஒன்றும் பேசவில்லை. வண்டியின் பின்பக்கம் வெகுநாளாக மடித்துக் கிடந்த சுத்தமான கம்பளியை எடுத்து வந்து வண்டியின் மூக்கில் விரித்து, ஒரு தட்டுத் தட்டினார். புழுதி புகைபோல் எழுந்தது. “இதில் அடியுங்கள். துணியில் படிந்த தூசியும் செல்லும்” என்றார். செல்லும்தான், கிதாபில் இருக்கிறது. ஆனால் மதரஸா வாசலை மிதிக்காத அவருக்கு அது எப்படித் தெரியும்? கேட்டோம். “ஒருவர் சொல்லிக் கொடுத்தார்” என்றதோடு சரி. லுஹருக்கு ஒன்று, அதனோடு சேர்த்துத் தொழுத அஸருக்கு வேறொன்று என இரண்டு தயம்மும். மாமி மடக்கு நாற்காலியில் அமர்ந்தபடி, நடுங்கும் விரல்களால் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

தொழுகைக்கு முன் மகனைக் குன்றின் மேல் ஏற்றிப் பாங்கு சொல்லச் செய்திருந்தோம். ஆடுகளோடு வெளியில் இருப்பவர் பாங்கு சொன்னால் குரலை உயர்த்தட்டும், அதைக் கேட்ட ஒவ்வொன்றும் மறுமையில் சாட்சி சொல்லும் என்று அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நினைவுக்கு வந்ததால் சொன்னதே தவிர, யாரையும் அழைக்க அன்று. ஸலாம் கொடுத்துச் சற்று நேரம் கழித்து, குன்றின் மறுபுறத்திலிருந்து ஒரு மனிதர் தலைப்பாகையோடு மேலே வந்து நின்றார். சூடான் நாட்டவர்; ஒட்டகம் மேய்ப்பவர். “இந்தப் பக்கம் பள்ளிவாசல் இல்லையே, சிறுவன் பாங்கு சொல்கிறானே என்று பார்க்க வந்தேன்” என்றார்.

எங்களுக்கு அரபி தெரியும் என்ற துணிவில் இலக்கண சுத்தமாக இரண்டு வாக்கியம் சொன்னோம். அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். எதுவும் விளங்கியதாகத் தெரியவில்லை. அப்போது பிள்ளைகளின் வாப்பா பேசத் தொடங்கினார். வேகமான, கொச்சையான, மேய்ப்பர்களின் அரபி. இடையிடையே இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நாங்களும்தான்.

அவருடைய பிக்கப் வண்டி வந்தது. நீண்ட கயிறு வந்தது. கெட்டித்தரையில் நின்று இழுக்க, ஒரு மணி நேரப் பாட்டுக்குப் பின் பேட்ரோல் வெளியே வந்தது. அவர் விடவில்லை, தம் தொழுவத்துக்கு அழைத்துப் போய், காய்ச்சிய ஒட்டகப் பாலில் இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தார். தம் தொழுகைக்கு அவர் தயம்மும் செய்தபோது வெறும் மணலிலேயே கை அடித்தார். சூடானில் மாலிகி மத்ஹபு, அதில் தூசி வேண்டியதில்லை. மூத்தவள் அதைக் கண்டு எங்கள் முழங்கையைச் சுரண்டினாள்.

அங்கே இருபது ஒட்டகங்கள் இருக்கும். நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் பிள்ளைகளின் வாப்பா தானாக எழுந்து போனார். தண்ணீர்த் தொட்டியின் மிதவையை ஆட்டிப் பார்த்தார். ஓர் ஒட்டகத்தின் கழுத்தில் கைவைத்து நாவினால் ஓர் ஒலி எழுப்பினார். அது மடங்கி உட்கார்ந்தது. கடைக்குட்டி கைதட்டினாள்.

“வாப்பா, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?” என்று மகன் கேட்டான்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “வந்த புதிதில் எட்டு மாதம் இந்த வேலைதான் பார்த்தேன். இங்கிருந்து இன்னும் உள்ளே.”

திருமணமாகி மூன்றாம் மாதம் அவர் விமானம் ஏறினார். ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை என்றுதான் முகவர் சொல்லி அனுப்பினார். மாதத்துக்கு ஒரு முறை அழைப்பு வரும். கம்பெனி ஊருக்கு வெளியே இருக்கிறது, சிக்னல் கிடைக்காது என்பார். வேலை எப்படி என்றால், ஏசி இருக்கிறது என்பார். நாங்கள் அதைத் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தோம். கம்பளித் தூசியைக் காட்டிக் கொடுத்தவர் ஹளரமௌத்தைச் சேர்ந்த ஒரு யமன் முதியவராம். அதே தொழுவத்தில் வேலை பார்த்தவர், நம் மத்ஹபுக்காரர். பட்டறை வேலைக்கு மாறிப்போக வழி செய்து கொடுத்தவரும் அவரேயாம்.

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சூடான் சகோதரர் பணம் வாங்க மறுத்தார். எங்களிடம் மிஞ்சியிருந்த அரிசியையும் தேயிலையையும் மட்டும் பெற்றுக்கொண்டு, மகனின் தலையில் கைவைத்து துஆச் செய்தார்.

தார்ச்சாலை ஏறியதும் வண்டியை ஓரம் கட்டி டயர்களுக்குக் காற்றடிக்கத் தொடங்கினார்கள், வாப்பாவும் மகனும். மாமி வண்டிக் கதவைத் திறந்து கொண்டு மகனைப் பெயர் சொல்லி அழைத்தார்.

“அந்த எட்டு மாதமும் தொழுதாயா?”

“தொழுதேன் உம்மா. தண்ணீர் லாரி ஒட்டகங்களுக்காக வரும். எங்களுக்குக் குடிக்க அளந்து கொடுப்பார்கள். அதனால் தயம்மும்தான்.”

மாமி துப்பட்டியின் நுனியை எடுத்து, அவர் நெற்றியில் ஒட்டியிருந்த புழுதியைத் துடைத்துவிட்டார். கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது. மகன் அளவுமானியைப் பார்த்து, இருபது, இருபத்தைந்து என்று எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். நான்கு டயர்களும் 35 ஆகும்வரை வேறு யாரும் பேசவில்லை.